வெட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது?

அன்பு மகளே,

நேற்றிரவு நீ புலனத்தில் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் தனியாக மிஞ்சியிருக்கும் ரப்பர்ப் பால்மரத்தில் கை வைத்தபடி பாட்டி நிற்கிறார். சுற்றிலும் செம்பனை. முகநூலில் புகைப்படக்காரர்கள் கூடும் குழுவில் இதைப் போட்டாயாம். இருநூற்றுச் சொச்சம் பேர் இதயம் இட்டார்களாம். ஐந்து பேர் கருத்துச் சொன்னதில் தலை சுற்றிவிட்டது உனக்கு. முகத்தை வெளுக்க வை என்கிறார் ஒருவர். படத்தை இடவலமாகப் புரட்டு என்கிறார் இன்னொருவர். பொன்வெயில் நேரத்தில் போய் மறுபடி எடு என்பது மூன்றாமவர் யோசனை. பச்சை அடிக்கிறது, தலைக்கு மேல் கிளை முளைத்திருக்கிறது என்று மற்ற இருவர். "யார் சொல்றதக் கேக்குறது பெரியப்பா?" என்று முடித்திருக்கிறாய். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த கையோடு வாங்கிய முதல் கேமரா. அதற்குள் அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

இதயங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையைத் தள்ளிக்கொண்டே போன விரல்கள் உன் படத்தில் ஒரு கணம் நின்றிருக்கின்றன. மகிழ்ச்சிப்படு. அடுத்த படத்தை எப்படி எடுப்பது என்பதற்கு அவற்றில் எந்தக் குறிப்பும் கிடையாது.

கருத்துகளுக்கு வருவோம். முதலில் நீ என்ன கேட்டாய் என்று பார். "என் முதல் படம். எப்படி இருக்கு?" இவ்வளவுதான். படத்தில் இருப்பவர் யார், அந்த மரம் என்ன, எதற்காக எடுத்தாய் என்று ஒரு சொல் இல்லை. பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரம் பார்க்க வருவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று "வெட்டு சரியில்லை" என்று சத்தம் போடுகிற மண்டோரால் யாருக்கும் பயன் இருந்ததில்லை. நல்ல மண்டோர் நிரைக்குள் நடந்து வந்து, மரத்தைத் தொட்டு, இந்த இடத்தில் கத்தி ஆழமாகப் போயிருக்கிறது என்று காட்டுவார். பட்டைக்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வெட்டு அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டிக் காயம் பட்டால், புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அதில் கத்தி ஓடாது. உன் படத்தில் பாட்டியின் உள்ளங்கைக்குக் கீழே புடைத்துத் தெரிகிறதே, அது அப்படி ஆறிய காயத்தழும்பு. அந்த நிரையில் முப்பது ஆண்டு பால் வெட்டியவர் அவர். தழும்பு யார் கையால் வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கலாம்.

அடுத்த முறை இதைச் சொல்லிக் கேள். "என் பாட்டி முப்பது ஆண்டு வெட்டிய தோட்டத்து மரம் இது. தழும்பின் மேல் அவர் கை இருப்பது தெரிய வேண்டும் என்று நினைத்து எடுத்தேன். உங்கள் கண் முதலில் எங்கே போனது?" இப்படிக் கேட்டால் பதில்களின் தரமே மாறிவிடும். ஐந்து பேர் வானம் என்று சொல்லி ஒருவர்கூடக் கையைச் சொல்லாவிட்டால், படத்தில் எது தோற்றது என்பது உனக்கு உடனே விளங்கிவிடும்.

பச்சை அடிக்கிறது என்றவர் சொன்னது முழுக்கச் சரி. இலைகளுக்கு அடியில் விழும் வெளிச்சம் இலைகளில் பட்டு வடிந்து வருவது. தோலிலும் வெள்ளைச் சேலையிலும் பச்சை படரும். கேமராவில் வெண்மைச் சமன் என்றொரு அமைப்பு இருக்கிறது. அதில் பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்து. அல்லது ரா (RAW) கோப்பாக எடுத்துவிட்டுப் பிறகு சேலையின் வெள்ளையை வைத்துச் சரிசெய். கிளை விஷயமும் சரி. நான் இரண்டு முறை பார்த்தும் அதைக் கவனிக்கவில்லை. உன் பாட்டியின், என் அம்மாவின், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். முகம் தெரியாத ஒருவருக்குக் கிளை முதலில் தெரிந்திருக்கிறது. அந்நியர் கண்ணுக்கு இந்த வலிமை உண்டு. எங்களைப் போன்ற வீட்டு மனிதர்களால் அதைத் தர முடியாது.

இனிப் புரட்டுவது. இதற்கு நான் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும்.

1989-ல் சுங்கை சிப்புட் பக்கத்தில் உன் பாட்டி வேலை செய்த அதே தோட்டத்தில் படம் எடுத்தேன். விடியுமுன் தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவர்த்திச் சுருள், மரத்தின் முன் குனிந்து நிற்கும் ஒருவர். கறுப்பு வெள்ளைச் சுருள். நானே இருட்டறையில் அச்சிட்டேன். ஒரு போட்டிக்கு அனுப்பினேன். ஆறுதல் பரிசு வந்தது. நடுவர்கள் ஒளியைப் பாராட்டினார்கள், நண்பர்கள் கட்டமைப்பைப் பாராட்டினார்கள். பெரிய அச்சாகச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஊரு மரம்டா இது? வெட்டு மாறி எறங்குது?"

எனக்குப் புரியவில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினார். மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்க மேட்டில் தொடங்கி வலப்பக்கமாக ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்கும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அப்படித்தான். பின்னாளில் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றில் கூடுதலானவற்றை அறுக்கும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் அளவு கூடும். என் படத்தில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கியது. அச்சிடும்போது சுருளின் மங்கலான பக்கத்தைக் கீழ்நோக்கி வைக்க வேண்டும். நான் மாற்றி வைத்திருக்கிறேன். முழுப்படமும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிட்டது. கத்தி பிடித்த கையும் இடக்கையாகிவிட்டது. போட்டியில் பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை, எடுத்த எனக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

அன்று மிகவும் வெட்கப்பட்டேன். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட வேகத்தில் மரத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

உன் படத்தைப் புரட்டினாலும் இதேதான் நடக்கும். மங்கிப்போயிருந்தாலும் அந்தப் பழைய வெட்டுக்கோடு மரத்தில் இன்னும் தெரிகிறது. பாட்டியின் முந்தானை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போய்விடும். ஆனாலும் அந்த யோசனை சொன்னவரை ஒதுக்கிவிடாதே. பாட்டி இடது ஓரத்தைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் இடமே இல்லை. பார்வை சுவரில் முட்டுவதுபோல் நிற்கிறது. இந்த இடைஞ்சலை அவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார். அவர் சொன்ன மருந்துதான் இந்தப் படத்துக்கு ஒத்துவரவில்லை. நீ இரண்டடி பின்வாங்கி, பாட்டி பார்க்கும் பக்கம் கொஞ்சம் வெளி விட்டு எடுத்தால் தீர்ந்துவிடும். அந்த வெளியில் லயத்தின் தகரக்கூரைகூட வந்து விழலாம்.

முகத்தை வெளுக்க வைக்கும் யோசனையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். முகத்தில் விவரம் இல்லை என்பது உண்மை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். இலைகளின் இடைவெளியில் வானம் பளீரென்று இருந்தால் படம் முழுவதையும் அடக்கிவிடும். முதலில் இருண்டுபோவது நம் முகங்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் போய் நின்று பழகு. 1917-ல் கட்டி முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டு எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். ஒளியை ஒரு படி கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாகும். அதே கட்டடத்தின் முன்னால் உன் தோழியை நிறுத்தி, அவள் முகத்தில் மட்டும் ஒளியை அளந்து எடு. ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம்.

வெளுக்க வைப்பது வேறு விஷயம். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு படம் அனுப்பி வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் அச்சு சரி. பல நிறத் தோல்களை வைத்த அட்டைகள் பரவலாவதற்கு 1990-கள் ஆகிவிட்டது. நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் மாலையும் பட்டும் பளிச்சென்றிருக்க, முகங்கள் மட்டும் கரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பாய். வெளிச்சம் அமைத்த விதத்தோடு இதற்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் தலைமுறையின் முகங்கள் அப்படிப் பறிபோனதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இன்றைக்கு அழகுச் செயலிகள் அதே முகங்களை மாவு பூசி அழிக்கின்றன. பாட்டியின் கறுப்பில் செம்பும் நீலமும் இருக்கின்றன. மேகம் மூடும்வரை காத்திரு, வானம் பின்னால் வராதபடி நகர்ந்து நில், முகத்துக்கு ஒளியை அளந்துகொள். நிறத்தைத் தொடாதே.

பொன்வெயில் யோசனை சொன்னவர் குளிர்நாட்டுக்காரராக இருக்க வேண்டும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் சாய்வாக ஏறும். தாழ்ந்த மஞ்சள் வெயில் நெடுநேரம் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறிவிடும்; அந்த வெயில் இங்கே ஏறக்குறைய பாதி நேரம்தான் நிற்கும். அதுவும் ஈப்போவில் கிழக்கே மலைகள் மறைத்து, அவற்றைத் தாண்டி வெளியே வருவதற்குள் வெயில் கடுமையாகிவிடுகிறது. உதயமே ஏழு மணியை ஒட்டித்தான். 1982-ல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்ததைப் பாட்டி இன்றும் குறையாகச் சொல்வார். விடியாத வேளையில் பெரட்டுக்குப் போன கால்கள் அவருடையவை. ஆகவே அந்த யோசனையை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்: மழை விட்ட பிறகு மாலை ஐந்தரைக்குப் போ. பால்மரத்து நிழலில் அதுதான் நல்ல வெளிச்சம்.

இன்னொன்று சொல்கிறேன், பயப்படாதே. ஃபிளிக்கர் தளத்தில் முன்பு ஒரு குழு இருந்தது. படத்தைப் போட்டால் உறுப்பினர்கள் வாக்களித்து வைத்திருப்பதா நீக்குவதா என்று முடிவு செய்வார்கள். ஒருநாள் அங்கே ஒருவர், பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1932-ல் இயேர் என்ற ஊரில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டார். மேலிருந்து பார்த்த சுழல்படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாகப் பாய்ந்து போகும் மிதிவண்டிக்காரர். உலகம் அறிந்த படம். கலங்கல் என்று சொல்லியே பலர் நீக்க வாக்களித்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்தக் கலங்கல் எதற்காக இருக்கிறது என்று நின்று கேட்க நேரமில்லை. உன் கிளை வேண்டுமென்றே வந்த கிளை என்று வாதாட இதைப் பயன்படுத்தாதே! அது தவறாக வந்த கிளைதான்.

குழுவில் இருந்துகொண்டே கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. படம் போடும் முன்னால் ஒரு வாரம் மற்றவர்களின் படங்களுக்கு எழுது. "அருமை" என்று எழுதாமல், கண் எங்கே போனது, எங்கே தடுக்கியது என்று எழுது. பத்துப் படங்களுக்கு எழுதி முடிக்கும்போது உன் படத்தின் குறை உனக்கே தெரியத் தொடங்கும். ஒரு தடவைக்கு ஒரு படம் போதும். பதில் சொல்ல அவசரப்படாதே. ஒரு இரவு போகட்டும். சொன்னவர் எப்படிப்பட்ட படம் எடுக்கிறார் என்று அவருடைய பக்கத்தில் போய்ப் பார். கைப்பேசியில் எடுத்தால் இடக்குறிப்பை அணைத்துவிட்டு அனுப்பு. பாட்டி தனியாக இருக்கும் வீடு எது என்று ஊருக்குத் தெரிய வேண்டாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன் செய்தியை மறுபடி படித்தேன். இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள். பாட்டியிடம் காட்டியதாக ஒரு வரியும் இல்லை. குழுவில் போடலாமா என்று கேட்டதாகவும் இல்லை. முதலில் அதைச் செய், மகளே. கைப்பேசியில் காட்டாதே, அவருக்குக் கண் பிடிக்காது. ஈப்போவில் கடையில் கொடுத்துப் பெரிய அளவில் அச்செடு. வெளிச்சமான ஜன்னலோரம் உட்கார வைத்து, கண்ணாடியை எடுத்துக் கொடு. "எப்படி இருக்கு?" என்று கேட்காதே. இந்த மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வை. படத்துக்குக் கீழே போடவேண்டிய வரிகள் அதில் இருக்கும். குழுவில் படம் இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். கேமராவை மின்னூட்டி வை. 1989-ல் எடுத்த அந்தப் படத்தைத் திருத்தி அச்சிட்டதும், மாறிப்போனதும் இரண்டுமே என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். மாலை ஐந்தரைக்கு மூவரும் தோட்டத்துக்குப் போவோம்.

அன்புடன்,
பெரியப்பா