காத்திருக்கும் கருவிகள்

நுழையும்முன்

ஓடும் எந்திரத்தில் பழுது நேர்ந்தால் ஓசை மாறும், சூடேறும், ஓட்டம் நின்றுபோகும். ஆபத்து நேரும் ஒரு பொழுதுக்காக ஆண்டு முழுதும் ஓடாமல் காத்திருக்கும் கருவியில் பழுது நேர்ந்தால் அதனை எவ்வாறு அறிவது?

தொழிற்கூடங்களில் பழுது நேர்ந்தபின் சரிசெய்வது ஒருவகைப் பராமரிப்பு. நேருமுன்னரே கண்டு களைவது மற்றொரு வகை. பின்னதை வருமுன் காக்கும் பராமரிப்பு என்பர். சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பேரிங்கை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள கிரீஸ் வற்றினால் உராய்வு மிகும்; வெப்பம் ஏறும்; உலோகம் தேயும்; தண்டு அதிரத் தொடங்கும். உரிய நாளில் சிறிது கிரீஸ் இடாமையால் மோட்டாரே எரிந்துபோவதுண்டு. பட்டறிவு மிக்க தொழிலாளி, ஓசையின் மாற்றத்தைக் கேட்டே குறையை உணர்ந்துவிடுவார். அதிர்வை அளக்கும் கருவிகள் இன்று அந்தச் செவிக்குத் துணையாக வந்துள்ளன.

ஆனால், ஓசையே எழுப்பாத கருவிகளும் உள்ளன. கொதிகலனின் பாதுகாப்பு வால்வு அத்தகையது. நீராவியின் அழுத்தம் வரம்பு மீறினால் அது தானே திறந்து நீராவியை வெளியேற்ற வேண்டும். வரம்பு மீறாத நாள்களில் அதற்கு வேலையில்லை. துருவும் உப்புப்படிவும் அதனை இறுகப் பற்றிக்கொண்டாலும் புறத்தோற்றத்தில் மாற்றம் தெரியாது. சோதித்துப் பார்த்தால் மட்டுமே அதன் நிலை விளங்கும். ஒன்றும் நிகழவில்லையே, இச்செலவு எதற்கு என்று கணக்குப் பார்ப்போர் கேட்பது இத்தகைய கருவிகளைக் குறித்துத்தான்.

அந்தக் கேள்விக்கான விடையைப் போபால் நகரம் தன் உயிரால் எழுதியது. அங்கிருந்த யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு நீர்மம் தொட்டிகளில் தேக்கப்பட்டிருந்தது. அதனைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் கடும் வெப்பத்துடன் வினைபுரியும். 1984 அக்டோபரில் அந்நீர்மத்தின் உற்பத்தி நின்றது. தொட்டிகளிலோ நீர்மம் எஞ்சியிருந்தது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அது புகுந்த வழி குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. காவலுக்கு நின்றிருக்க வேண்டிய கருவிகளின் நிலை குறித்து அவ்வளவு ஐயமில்லை. குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்திற்குச் செல்லும் குழாயில் அரித்துப்போன ஒரு பகுதி கழற்றப்பட்டிருந்தது. மாற்றுக் குழாய் பொருத்தப்படவில்லை. வாயுவை எரிசோடாக் கரைசலால் கழுவும் கலம், உற்பத்தி இல்லை என்பதால் இயக்கமின்றி விடப்பட்டிருந்தது. இயங்கியிருந்தாலும் அவ்வளவு வாயுவை ஏற்கும் திறன் அதற்கில்லை. பீய்ச்சிய தண்ணீர், வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை.

ஏறத்தாழ 40 டன் நச்சு, உறங்கிக்கொண்டிருந்த நகரின்மீது பரவியது. 3,787 பேர் இறந்ததாக மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்தது. உண்மை எண்ணிக்கை இதனினும் மிகுதி என்போர் பலர். ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிப்புற்றனர். கழற்றிய குழாய்க்கு மாற்று வரும்வரை தொட்டியிலுள்ள நீர்மம் காத்திராது என்பதை எவரேனும் பணிப்பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியதைப் படித்து ஒருவர் ஆணையிட்டிருக்கவும் வேண்டும்.

இத்துயரின் பின்னர் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், ஆபத்தான தொழில்முறைகளுக்கென ஒரு தனிப் பகுதி 1987இல் சேர்க்கப்பட்டது. ஆலையின் மின்தூக்கியை 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பாரம் தூக்கும் எந்திரத்தை 12 மாதங்களுக்கு ஒருமுறையும் தகுதியுடையவர் ஆய்வு செய்யவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாக இருந்தது. எந்திரம் நன்றாக ஓடுகிறது என்பது ஆய்வைத் தள்ளிவைப்பதற்குரிய காரணமாகாது.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியிலுள்ள தீயணைப்பானைத் தேடிக் கண்டறிக. அதில் தொங்கும் அட்டையில் கடைசியாகச் சோதித்த நாளும் அடுத்துச் சோதிக்க வேண்டிய நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்த்து, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுக.