புல்வெளியில் மரம் நடலாமா?

"ஒரு மரக்கன்றுக்கு இவ்வளவு ரூபாய்" என்று நன்கொடை கேட்டு வரும் அறிவிப்புகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து சீட்டு கொண்டு வருகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. மரம் நடுவதைத் தர்மமாகவே நினைத்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கன்று எந்த மண்ணில் நடப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. மரம் இல்லாத இடம் வீணாகக் கிடக்கும் இடம், அங்கே மரம் வைத்தால் லாபம்தானே என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு எவ்வளவு சரி என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நல்ல பாடம் ஒன்று கிடைத்திருக்கிறது.

முதலில் கணக்கின் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைத் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிதான். ஒரு டன் கரி மரத்தில் சேர்ந்தால், காற்றிலிருந்து சுமார் 3.67 டன் கரியமில வாயு குறைந்தது என்று பொருள். புல்லும் இதே வேலையைச் செய்கிறது. சேமிக்கும் இடம்தான் வேறு. மரம் பெரும்பகுதியைத் தண்டிலும் கிளையிலும் நம் கண்முன் வைக்கிறது. புல், அந்தக் காலத்தில் பானையில் காசு போட்டுப் புதைத்து வைத்தவர்களைப் போல, வேரிலும் வேர் மக்கிய மண்ணிலும் மறைத்து வைக்கிறது. மேலே தீப்பிடித்தாலும் மாடு மேய்ந்தாலும் அந்தப் பானைக்குப் பெரிய சேதம் இல்லை.

இப்படி மறைந்திருப்பதாலேயே அது கணக்கில் விட்டுப்போகிறது. 2019 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரப்பரப்பைக் கூட்ட இடம் இருக்கிறது, அதனால் 20,500 கோடி டன் கரியைச் சேமிக்கலாம் என்றது. உலகம் முழுவதும் அது செய்தியானது. சில மாதங்களில் பல விஞ்ஞானிகள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். அந்த எண் சுமார் ஐந்து மடங்கு கூடுதல் என்பது அவர்கள் வாதம். மரமில்லாத நிலத்தின் மண்ணில் கரியே இல்லை என்பது போலக் கணக்குப் போட்டதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். ஆய்வை எழுதியவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள், விவாதம் தொடர்ந்தது. சவன்னாவில் எவ்வளவு கரி எங்கே இருக்கிறது என்பதை அளந்து பார்த்தால்தானே தெரியும்?

அளந்து பார்த்த இடம் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா. சவன்னா என்பது புல்தரையும் ஆங்காங்கே மரங்களுமாக இருக்கும் நிலம். வெட்டி அழிக்கப்பட்ட காட்டின் மிச்சம் என்று அதை எண்ணிவிடக் கூடாது. தீயும் மேய்ச்சலும் சேர்ந்து பல லட்சம் ஆண்டுகளாக அதை அப்படி வைத்திருக்கின்றன. குரூகரில் 1954-ஆம் ஆண்டு பல துண்டு நிலங்களைப் பிரித்தார்கள். சிலவற்றில் ஆண்டுதோறும் தீ வைத்தார்கள், சிலவற்றில் மூன்றாண்டுக்கு ஒருமுறை. சிலவற்றில் தீயே படாமல் காத்தார்கள். அதிகாரிகள் மாறினார்கள், அரசே மாறியது, சோதனை மட்டும் நிற்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலையை இப்படிப் பொறுமையாகச் செய்வது சாதாரண விஷயம் அல்ல.

அதன் கணக்கு 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தீ படாத துண்டுகளில் மரங்கள் தாமாகவே பெருகியிருந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை எரிந்த நிலத்தோடு ஒப்பிட்டால், மரப்பரப்பு சுமார் 79 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் மண்ணையும் வேரையும் சேர்த்து மொத்தமாக எண்ணியபோது, கரி கூடியது சுமார் 35 சதவீதம் மட்டுமே. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 23 டன்; அதாவது ஆண்டுக்கு 0.35 டன். முன்பு நினைத்திருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மரங்கள் குறைவாகச் சேமித்தன என்பதால் அல்ல. எரிந்த நிலம் 'காலி' என்று நினைத்தது தவறு. அங்கே மண்ணுக்கு அடியில் வேர்களும் ஆழமான மண்ணும் ஏற்கெனவே நிறையக் கரியை வைத்திருந்தன. பாதி நிறைந்த பானையைக் காலி என்று நினைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும்.

இனி தோட்டத்தின் பக்கம் வருவோம். 2021-இல் பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனம், காங்கோ குடியரசின் பத்தேகே பீடபூமியில் 40,000 ஹெக்டேர் சவன்னாவில் அகேசியா மரங்கள் நடும் திட்டத்தை அறிவித்தது. இருபது ஆண்டுகளில் ஒரு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவைச் சேமிக்கலாம் என்றது அறிவிப்பு. வகுத்துப் பார்த்தால் ஹெக்டேருக்கு 250 டன் வாயு, கரியாகச் சொன்னால் சுமார் 68 டன், ஆண்டுக்கு 3.4 டன். குரூகரில் தாமாக வளர்ந்ததைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு! பத்தேகேயில் மழை மிக அதிகம், அகேசியா வேகமாக வளரும் மரம். ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. இருந்தாலும், காகிதத்தில் தோட்டம்தான் வெல்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல் சில ஆண்டுகளுக்கு அது உண்மையும்கூட.

அந்தக் கரி எத்தனை நாள் மரத்தில் இருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. தோட்ட மரம் வெட்டுவதற்காக வளர்வது. பிரேசிலில் காகிதக் கூழுக்கு வளர்க்கும் தைலமரத்தை ஏழாண்டு வாக்கில் வெட்டிவிடுகிறார்கள். காகிதம் குப்பைக்கும் அடுப்புக்கும் போனதும் கரி திரும்பக் காற்றுக்கே போகிறது. 2011-இல் தொடங்கிய 'பான் சவால்' என்ற உலக உறுதிமொழியின்படி 2030-க்குள் 35 கோடி ஹெக்டேரை மீட்க வேண்டும். நாடுகள் அதற்கு அறிவித்த திட்டங்களில் 45 சதவீதம் இத்தகைய தோட்டங்கள்தான் என்று 2019-இல் சில ஆய்வாளர்கள் கண்டார்கள். காடு இருந்த நிலத்தை இயற்கைக் காடாகவே வளரவிட்டால், இந்த நூற்றாண்டின் முடிவில் அது தோட்டத்தைவிட 40 மடங்கு கரியைப் பிடித்து வைத்திருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். புல்வெளிகளிலும் புதர் நிலங்களிலும் மரத்தோட்டம் போட்ட இடங்களின் தகவல்களை உலகெங்கும் திரட்டி 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓடைகளின் நீர் சராசரியாக 52 சதவீதம் குறைந்திருந்தது. 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முழுதாக வற்றிப்போயின. தென்னாப்பிரிக்கா 1998-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்திலேயே வணிக மரத்தோட்டத்தை 'ஆற்று நீரைக் குறைக்கும் தொழில்' என்று வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே தோட்டம் போட அனுமதி பெற வேண்டும்.

தானாக வளரவிடுவதிலும் நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பிரேசிலின் செராடோ சவன்னாவில் முப்பது ஆண்டுகள் தீயைத் தடுத்தபோது கரி கூடியது. ஆனால் செடி இனங்கள் 27 சதவீதமும் எறும்பு இனங்கள் 35 சதவீதமும் குறைந்தன. சவன்னா சவன்னாவாகவே இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

இந்தக் கதையின் நம்மூர் வடிவம் நீலகிரியில் இருக்கிறது. அது சவன்னா அல்ல, மலைப் புல்வெளி. 'வெறும் புல்தானே' என்று அங்கே கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட உதவுவது. அந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்களுக்கு 'வாட்டில்' என்ற பெயர் புதிதல்ல. நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. விதைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடந்து முளைப்பதால் புல்வெளிக்குள் பரவிக்கொண்டே போனது. இப்போது அரசே அவற்றை அகற்றிப் புல்லை மீட்கச் செலவு செய்கிறது. நடுவதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு இன்னொரு செலவு.

ஆகவே அடுத்த முறை மரக்கன்றுக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்தால், சில கேள்விகள் கேட்பதில் தவறில்லை. நடப்போகும் இடம் முன்பு என்னவாக இருந்தது: காடா, வயலா, மேய்ச்சல் புல்வெளியா? பள்ளி வளாகம், சாலையோரம், வீட்டு வாசல் என்றால் மகிழ்ச்சியோடு கொடுக்கலாம். வேம்பும் புங்கனும் நிழலுக்காவது உதவும். அழிந்த காடு என்றால், பக்கத்திலேயே காடு மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விதையைப் பறவைகளே கொண்டுவந்துவிடும். வேலி போட்டு ஆட்டைத் தடுத்தாலே பல இடங்களில் போதும், செலவும் குறைவு. எந்த மரம், எத்தனை ஆண்டில் வெட்டுவார்கள், வெட்டிய பணம் யாருக்கு என்பதையும் கேட்கலாம். புல்வெளி என்றால், அங்கே இன்று ஆடு மாடு மேய்ப்பவர் யார், கன்று நட்ட பிறகு அவர் எங்கே போவார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.