லுவார்க் கரையில் மிதிவண்டிச் செலவு

பிரான்சு தேசத்து ஆறுகளுள் மிக நீண்டது லுவார். அதன் கரையை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவுக்கு மிதிவண்டி வழியொன்று அமைந்துளது. வெள்ளத்தைத் தடுக்க முன்னோர் எழுப்பிய கரைகளின்மீது அவ்வழி பலவிடத்தும் செல்லுதலின், மேடு பள்ளங்கள் அரியன. முதியோரும் இளைப்பின்றிச் செல்லலாம்.

விரைந்து செல்வோன் அங்குள்ள அரண்மனைகளை எண்ணிச் செல்வான். மெல்லச் செல்வோனோ அவை எழுந்த காரணத்தையும் காண்பான். கரையோரப் பாறை வெண்மையும் மென்மையும் உடையது. அதனை வெட்டி மாளிகைகள் கட்டினர். வெட்டியெடுத்த குகைகளில் எளியோர் குடிபுகுந்தனர். அரசர் மாடமும் ஏழையர் உறையுளும் ஒரே பாறையினின்று பிறந்தன என்க.

முதலாம் பிரான்சிஸ் மன்னன் ஷம்போர் மாளிகையை 1519-இல் தொடங்கினான். அவன் ஆதரவில் வாழ்ந்த ஓவியர் லியோனார்டோ தா வின்சி ஆம்புவாஸ் நகரில் மறைந்ததும் அவ்வாண்டே. அந்நகரினின்று தெற்கே சிறிது தூரம் சென்றால், ஷேர் என்னும் துணையாற்றின்மீது பாலம்போல் நிற்கும் ஷெனோன்சோ மாளிகையைக் காணலாம். 16-ஆம் நூற்றாண்டில் கேதரின் தெ மெடிசி அரசி ஆற்றின்மேல் எழுப்பிய அதன் நெடுங்கூடத்தில் விருந்தும் நடனமும் நிகழ்ந்தன. முதல் உலகப் போரில் அதுவே காயமுற்றோர்க்கு மருத்துவமனையாயிற்று. 1940-இல் ஜெர்மானியர் நாட்டைப் பிரித்தபோது ஷேர் ஆறே அங்கு எல்லை. கூடத்தின் ஒரு வாயில் அவர் வசப்பட்ட கரையிலும், மறுவாயில் அவர் வசப்படாத கரையிலும் இருந்தமையின், அதன் வழியே சிலர் தப்பி உய்ந்தனர்.

களிப்பிற்கென எழுந்த கூடம் துன்புற்றோர்க்குப் புகலாயிற்று. மாளிகையின் அழகைக் கண்டு வியத்தல் எளிது. வண்டியை நிறுத்தி அவ்விரு வாயில்களுக்கும் இடையே நடந்து பார்ப்போர்க்கே அதன் பெருமை விளங்கும்.