கருவியும் காட்சியும்

விலை கொடுத்து வாங்கிய பொருளைவிட, நம் கையால் செய்த பொருளின்மீது நாம் கொள்ளும் பற்று ஆழமானது. வாங்கிய பொருளில் ‘என்னுடையது’ என்ற மமகாரம் மட்டுமே ஒட்டியிருக்கிறது. செய்த பொருளிலோ ‘நான் செய்தேன்’ என்ற அகங்காரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே அதைப் பிரிவது சாதகனுக்குக் கடினமான பயிற்சி. அன்பு குறையாமல் அவ்வாறு பிரிவது எப்படி என்பதை வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷலின் குடும்ப வரலாறு உணர்த்துகிறது.

ஹனோவரில் 1738இல் பிறந்த ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக் கலைஞராக வாழ்ந்தார். அவர் விரும்பிய தொலைநோக்கியின் விலை கைக்கு எட்டவில்லை. எனவே தாமே செய்யத் தொடங்கினார். செம்பும் வெள்ளீயமும் கலந்து ஆடிகளை வார்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் ஓர் ஆடியை மெருகிட்டபோது, தங்கை கரோலின்தான் அவருக்கு உணவை ஊட்டினார். இவ்வாறு வீட்டில் உருவான தொலைநோக்கி ஒன்றின் வழியாகவே, 1781 மார்ச் 13 அன்று அவர் யுரேனஸ் கோளைக் கண்டார்.

பின்னர் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பொருளுதவியுடன், ஸ்லவ் என்ற ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் 40 அடி நீளத் தொலைநோக்கியை அமைத்து 1789இல் நிறைவு செய்தார். அதன் ஆடி 4 அடி விட்டமுடையது. அன்று உலகிலேயே பெரியது அதுதான். ஆயினும் அதை இயக்குவது எளிதாக இல்லை. ஆடியும் விரைவில் மங்கியது. ஹெர்ஷல் தம் ஆய்வில் பெரும்பகுதியை 20 அடித் தொலைநோக்கியிலேயே செய்தார். பெருமை வேறு, பணி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1822இல் அவர் மறைந்தார். மகன் ஜான், தந்தையின் வழிகாட்டுதலில் புதுப்பித்திருந்த 20 அடித் தொலைநோக்கியைக் கப்பலில் எடுத்துச் சென்றார். 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கி, தந்தை காண இயலாத தென்வானத்தை ஆராய்ந்தார்.

இதற்கிடையில் பெரிய தொலைநோக்கியின் மரச்சட்டங்கள் உளுத்துப் போயின. தம் குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து நேரும் என்று அஞ்சிய ஜான், 1839இல் அதைப் பிரித்தெடுக்க முடிவு செய்தார். அதற்கு முன் கண்ணாடித் தகட்டில் அதன் புகைப்படத்தைப் பதிவு செய்தார். அவ்வாண்டின் கடைசி இரவில், கீழே கிடத்தப்பட்ட குழாய்க்குள் குடும்பத்தினர் அனைவரும் கூடினர். ஜான் இயற்றிய பிரிவுப் பாடலைப் பாடி விடை கொடுத்தனர்.

நம் இல்லங்களிலும் இதே பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது. களிமண்ணைப் பிசைந்து பிள்ளையாரைச் செய்கிறோம். எருக்கமாலை சூட்டி வழிபடுகிறோம். பின்னர் நீரில் கரைக்கிறோம். அலட்சியமாக எறிவதுமில்லை, அழகாக அமைந்துவிட்டது என்று பூட்டி வைப்பதுமில்லை.

பற்றின்மை என்பது பொருளை வெறுப்பதன்று. கருவி எதற்காக உண்டானதோ, அந்தப் பயனில் மனத்தை நிறுத்துவதே பற்றின்மை. தந்தையின் மரச்சட்டங்களைக் காப்பதைவிட, அவர் விட்ட இடத்திலிருந்து வானத்தைத் தொடர்ந்து காண்பதே மெய்யான நன்றிக்கடன் என்பதை ஜான் செயலில் காட்டினார். முதலில் பணியைத் தொடர்ந்தார். அதனால்தான் கருவியைப் பிரிய அவரால் முடிந்தது. பணியைக் கைவிட்டவனுக்கோ கருவி மட்டுமே மிஞ்சுகிறது. அதை அவன் இறுகப் பற்றுகிறான்.

இந்த உடலும் நமக்கு அளிக்கப்பட்ட ஒரு கருவியே. அதைத் தூய்மையாகப் பேணுவோம்; அதன் வழியே காண வேண்டியதைக் காண்போம். மங்கும் காலம் வரும்போது நன்றியுடன் விடை கொடுக்கும் மனவலிமை, இன்று சிறு பொருள்களை உரியவரிடம் ஒப்படைத்துப் பழகுவதில் தொடங்குகிறது. நாம் செய்து முடித்து, பயன்படுத்தாமல் காத்து வரும் பொருள் ஒன்று வீட்டில் இருக்குமானால், அது தேவைப்படுவோர் யார் என்று இந்த வாரமே எண்ணிப் பார்ப்போம்.