புழு அனுப்பும் நுண்பைகள்

கேள்வி: மருந்து ஊற்றியும் வெள்ளாடுகளுக்குக் குடற்புழு திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டின் உடம்பு அதை ஏன் விரட்டுவதில்லை?
– வாசகர், நாகரசம்பட்டி

பதில்: விரட்டத்தான் பார்க்கிறது, புழு விடுவதில்லை. உருண்டைப் புழுக்கள் மிக நுண்ணிய பைகளை வெளியிடுகின்றன. அவற்றுக்குள் புரதங்களும் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளும் இருக்கும். எலியின் குடற்புழுவில் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைக் காட்டினார்கள். பைகள் எலியின் செல்லுக்குள் நுழைந்து, ‘ஐ.எல்.-33’ என்ற அபாயச் செய்தியை வாங்கும் ஏற்பியைக் குறைத்தன. காவல்காரனின் காதை அடைத்த மாதிரி! எனக்கு நம்பிக்கை தருவது 2017இல் வந்த முடிவு: அதே பைகளைத் தடுப்பூசியாகப் போட்ட எலிகளுக்குப் புழுவிடமிருந்து பாதுகாப்பு கிடைத்தது.

ஆட்டின் நாலாம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவும் இப்படிப் பைகளை வெளியிடுகிறது. ஆனால் உங்கள் ஆடுகளுக்குப் புழு திரும்புவது பெரும்பாலும் மேய்ச்சல் புல்லில் இருக்கும் இளம்புழுக்களால். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். எடைக்குக் குறைவாக மருந்து ஊற்றாதீர்கள். புழு அதற்குப் பழகிவிடும்.