தாழியுள் வெண்கலம்

மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியை அடுத்துள்ள கொந்தகையில், பண்டையோர் இறந்தாரை முதுமக்கள் தாழியிலிட்டுப் புதைத்தனர். மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் உடன் கிடைத்தன. பொருநைக் கரை ஆதிச்சநல்லூரிலோ வெண்கலமும் வெளிப்பட்டது. 1876-இல் அங்குத் தோண்டிய செருமானியர் யாகோர், தாம் பெற்றவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ முறையாக அகழ்ந்தார். கிண்ணங்களும் சல்லடைகளும் மூடிகளும் வந்தன. மூடியின்மீது நீண்ட கொம்புடைய எருமை நிற்கும், சேவலும் உண்டு. கன்னான் தன் ஊரிற் கண்ட எருமையே அது போலும்!

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் நம் நாட்டில் அரிது. ஆதலின் அது தொலைவிலிருந்து வந்திருத்தல் வேண்டும். அத்தகைய பொருளையும் இறந்தார்க்கே விட்டனர். வடபுலப் புல்வெளிச் சித்தியரும் தம் தலைவரின் புதைமேட்டில் வெண்கலக் கொப்பரை வைத்தனர். சிலவற்றுள் இறைச்சியின் எலும்பு இருந்தது.