அதிராம்பட்டினத்துச் சேறும் வானத்துக் கண்ணும்

அதிராம்பட்டினத்திலிருந்து கிழக்கே கோடியக்கரை நோக்கிக் கடலோரமாகச் சென்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வருகிறது. பாமணியாறும் கோரையாறும் வேறு சில கிளையாறுகளும் அங்குள்ள காயலில் வந்து கலக்கின்றன. காவிரிப் பாசன நாட்டின் தென்கோடி அது. கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்த்து, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இக்காடு வளர்கிறதா, தேய்கிறதா? கேள்வி எளியது; விடை எளிதன்று. முழங்கால் சேற்றில் சங்கிலி பிடித்து அளக்க இயலாது. அளந்து முடிப்பதற்குள் ஆறு தன் வாயை மாற்றிக்கொண்டுவிடும்.

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடும் துறைகளே தொலையுணர்வும் புவித் தகவல் முறைமையும் ஆகும். பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியைத் தொலைவிலிருந்து அளந்து அதன் தன்மையை அறிவது முன்னது. அவ்வாறு அறிந்ததைப் புல எண், வாய்க்கால், மண், மழை ஆகிய செய்திகளோடு இடம் பொருந்த அடுக்கிவைத்து ஆராய்வது பின்னது. இவற்றைப் பயில விரும்பும் மாணவர் பலர், இது கணிப்பொறிப் படிப்பு என்றே எண்ணுகின்றனர். கணிப்பொறி வேண்டியதுதான். ஆயினும், படம் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அளந்து சொல்வதே இத்துறையின் உயர்நிலைப் பாடம். அப்பாடத்தில் பாதி நம் ஊர்ச் சேற்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நில அளவை தஞ்சைக்குப் புதிதன்று. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். காவிரிச் சமவெளிக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க அவருக்கு மலை கிடைக்கவில்லை. கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதனைச் செப்பனிட்டார். அவர் வழிவந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த புவி வடிவத்தின் மீதே நம் பழைய நில வரைபடங்கள் அமைந்துள்ளன. இன்றைய செயற்கைக்கோள் படங்களோ வேறொரு புவி வடிவத்தைக் கொண்டவை. பழைய வரைபடத்தை மாற்றிக் கணிக்காமல் அப்படியே புதிய படத்தின்மேல் வைத்தால், கரைக்கோடு நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அதைக் கண்டு, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒருவர் ஆய்வேடே எழுதிவிடலாம்!

இனி ஒளிக்கு வருவோம். பச்சை இலை சிவப்பு ஒளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்புகிறது. நீர் அந்த அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. உப்பளத்தின் வெண்மை இரண்டையும் திருப்புகிறது. அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீட்டெண். எடுத்துக்காட்டாக, இலை 0.40 பங்கு அகச்சிவப்பையும் 0.05 பங்கு சிவப்பையும் திருப்பினால் விடை 0.78. வெற்றுச் சேற்றுக்கு 0.15, 0.12 எனக் கொண்டால் விடை 0.11. நீருக்கு 0.02, 0.04 எனக் கொண்டால் விடை சுழிக்கும் கீழே போய்விடும். பள்ளிக் கணக்குதான், இதற்கு மேற்படிப்பு தேவையில்லை.

மேற்படிப்பு தொடங்குவது படப்புள்ளியில். செயற்கைக்கோள் படம் சிறு சிறு சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்துக்கு ஒரே எண். 1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ-யின் முதல் வகைக் கருவிக்குச் சதுரத்தின் பக்கம் 72.5 மீட்டர். நம் உழவர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நான்கு மா நிலம்! அந்த நான்கு மாவுக்குள் வயலும் வரப்பும் வாய்க்காலும் களமும் இருந்தாலும், கிடைப்பது அனைத்தும் கலந்த ஒரே எண். அமெரிக்காவின் லாண்ட்சாட் வரிசையில் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். ஐரோப்பிய நாடுகளின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். சதுரம் சுருங்கச் சுருங்கக் கலப்பு குறையும், முற்றிலும் ஒழியாது.

அலையாத்திக் காட்டில் இந்தக் கலப்புதான் பெருந்தொல்லை. முத்துப்பேட்டையில் மிகுந்திருப்பது அவிசீனியா மெரினா என்னும் ஒரே இனம். அடர்ந்த நடுக்காட்டில் ஐயம் எழாது. ஓரத்தில்தான் எழும். மேட்டில் சீமைக் கருவேலம், உவர்ச் சேற்றில் உமரி, மழைக்குப் பின் முளைக்கும் புல், தேங்கிய நீரில் பாசி எல்லாமே பச்சை. படத்தைப் பார்த்துப் பச்சை அனைத்தையும் அலையாத்தி என்று கணக்கிட்டால் காடு ஒரே நாளில் பெருகிவிடும். கோடைப் படத்தை எடுத்துக்கொண்டால் புல்லும் பூண்டும் காய்ந்து விலகும். ஆனால் சீமைக் கருவேலம் கோடையிலும் பசுமை மாறாதது. அங்கே குற்றலை அகச்சிவப்புப் பட்டை கைகொடுக்கும். ஈரம் அந்த ஒளியை விழுங்குவதால், சேற்றில் நிற்கும் அலையாத்தி அப்பட்டையில் இருண்டும், உலர்ந்த மேட்டில் நிற்கும் கருவேலம் சற்று வெளுத்தும் தோன்றும். இவ்வளவு செய்த பின்னும் சில புள்ளிகள் ஏமாற்றும். ஆகவே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நேரில் பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கற்பனையாக ஒன்று போட்டுப் பார்ப்போம். நம் வரைபடம் அலையாத்தி என்று காட்டிய 50 இடங்களுக்குச் செல்கிறோம். 38 இடங்களில் அலையாத்தி. 12 இடங்களில் கருவேலம். வரைபடத்தை நம்பிச் செல்பவருக்கு அதன் துல்லியம் 76 விழுக்காடு. அடுத்து வேறொரு கோணம்: சோதித்த இடங்களுள் உண்மையில் அலையாத்தி நின்றவை மொத்தம் 40, அவற்றுள் 38-ஐ வரைபடம் பிடித்துவிட்டது. இப்போது துல்லியம் 95 விழுக்காடு. ஒரே வரைபடத்துக்கு இரண்டு மதிப்பெண்கள்! இரண்டாவதை மட்டும் அச்சிட்டு முதலாவதை மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பிழை அணி என்னும் இப்பட்டியலைக் கேட்காமல் எந்த வரைபடத்தையும் ஏற்கலாகாது என்பது இக்கட்டுரையாளரின் பிடிவாதம்.

காலத்தால் வரும் மயக்கம் இன்னொன்று. இக்கரையில் ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நிலம் தட்டையானது. நீர் சிறிதே ஏறினாலும் சேற்றுப் பரப்பு வெகுதூரம் மூழ்கிவிடும். செயற்கைக்கோளோ ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில், முற்பகலில், கடந்து செல்கிறது. கடல் கடிகாரம் பார்ப்பதில்லை. ஓராண்டுப் படம் வற்றத்தில் எடுத்தது, மற்றோராண்டுப் படம் ஏற்றத்தில் எடுத்தது என்றால், இரண்டுக்கும் இடையில் காணும் 'மாற்றம்' வெறும் நீர்மட்டமே. இதை அதிராம்பட்டினத்து மீனவச் சிறுவனும் சொல்லிவிடுவான். வெளியூரில் இருந்து படம் பார்ப்பவருக்கு எளிதில் தோன்றாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனலாம். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இக்காடுகள் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்து குழிவாயிற்று; உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, விதை முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, 1990-களில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தனர். காடு திரும்பியதா என்று அறியச் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டனர். பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு பெருகியது படத்தில் தெரிந்தது. அந்த ஒப்பீட்டில் கருவேலமும் ஓதமும் புகுந்திருந்தால் உழைத்தவர்களின் வெற்றியும் பொய்யாகும், தோல்வியும் மறையும்.

காட்டை விட்டு ஊருக்குள் வந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் தாவரக் குறியீட்டெண்ணைக் கழித்தால் சேதம் தெரியும் என்பது பாடநூல் முறை. ஆனால் சாய்ந்த தென்னையின் மட்டை உடனே காய்ந்துவிடாது. சில நாட்களுக்குப் பச்சையாகவே கிடக்கும். பின்னர் மட்டை காய்ந்தாலும், கார்த்திகை மழையில் தோப்பின் தரையில் புல் எழுந்துவிடும். விழுந்த தோப்பு வானத்திலிருந்து பசுமையாகத் தோன்றும். அந்தப் புள்ளியை நம்பி ஒருவருடைய இழப்பைக் கணக்கிட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இத்துறையின் தொடக்கமே தென்னையில்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம். 1970-இல் பி. ஆர். பிஷாரடி குழுவினர் கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் வேர்வாடல் நோய் கண்ட தென்னைகளைப் படம் பிடித்தனர். நோயுற்ற மரங்கள் நிறம் வேறுபட்டுத் தெரிந்தன.

சம்பாவுக்கு மற்றொரு தடை உண்டு. பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மேகத்தால் மூடிக்கிடக்கும்; ஒளிப்படம் பயன்படாது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். நடவுக்கு நீர் கட்டிய வயல் கண்ணாடிபோல் அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கறுத்திருக்கும். பயிர் தூர் கட்டி உயர உயரச் சிதறல் மிகுந்து வெளுக்கும். இந்தக் கறுப்பு வெளுப்பு வரிசையைக் கொண்டு நடவு நாளையே கணிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்முறையில் நெற்பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிட்டு, பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவுமாறு ஆய்வு செய்துள்ளது. வெள்ளத்தில் மூழ்கிய பயிரும் புதிதாக நீர் கட்டிய வயலும் ஒரே கறுப்பாகத் தெரியலாம். இங்கும் வேறுபடுத்துவது நாள்காட்டியும் நேரடிப் பார்வையுமே.

எங்கே படிப்பது? சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியன நமக்கு அருகில் உள்ளவை. டேராடூனில் 1966-இல் வான்படம் படிக்கும் பயிற்சிக்கூடமாகத் தொடங்கிய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் தொலைவழி வகுப்புகளும் நடத்துகிறது. புவியியல் மாணவர் மட்டுமன்றி இயற்பியல், கணிதம், தாவரவியல் மாணவரும் இதில் நுழையலாம். அணிக்கோவையும் புள்ளியியலும் கைவரப் பெற்றவருக்கு வழி பாதி சுலபம்.

சேருமுன் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல் படங்களும் அப்படியே. அவற்றைத் திறக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் விலையில்லை. மேகமற்ற ஒரு மே மாதப் படத்தில் அதிராம்பட்டினம் உப்பளங்களுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருபது பச்சைப் புள்ளிகளைக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றும் என்னவென்று முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு உள்ளூர் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வற்ற நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருபது இடங்களுக்கும் நடந்து சென்று, தாளின் மறுபுறத்தில் கண்டதை எழுதுக. செருப்பைக் கரையிலேயே விட்டுச் செல்வது நல்லது.